லாம்பு பிடிக்கிற வேலை

தன் பெயரை இன்னொருவன் முகத்துக்குக் கீழே ஜொய்சி பார்த்தது, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தன் வேலையிடமான பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில், இடுப்பில் ஒரு குழந்தையும் காலடியில் இரண்டு குழந்தைகளுமாக நின்றபோதுதான். பேஸ்புக்கில் ஒரு போஸ்டர் வந்திருந்தது. கறுப்பு டீசேர்ட் போட்ட ஐந்து பொடியன்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ யுத்தத்துக்குப் போகிறவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் றினாஸ். அவன் எப்போதும் நடுவில்தான் நிற்பான். ஓரம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஓரத்தில் நின்றவன் அவனுடைய சாச்சா மகன், அதாவது சித்தப்பா மகன், அப்ஹம். அவனுடைய நெஞ்சுக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தார்கள்: கருக்கல்.

கருக்கல் என்பது ஜொய்சி. தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்தில், அப்பா செல்வநாயகமும் அம்மா ரோசலினும் விடியுமுன்னே பால் வெட்டக் கிளம்பிப் போன பிறகு, தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் படுத்தபடியே முதன்முதலாக அந்த கேமைத் திறந்தவள் அவள். உங்கள் பெயர் என்ன என்று கேம் கேட்டது. சன்னலுக்கு வெளியே என்ன இருந்ததோ அதைப் போட்டாள். அந்தப் பெயரைத்தான் இரண்டு வருஷமாகத் தேய்த்து, கழுவி, மெருகேற்றி, சப்ரகமுவ மாகாணம் முழுக்க கேம் விளையாடுகிறவர்கள் மரியாதையோடு பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். இப்போது அதை அப்ஹம் போட்டுக்கொண்டு நிற்கிறான். வயிறு எரியாதா?

கேம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஆளுக்கொரு போன். நடுவில் மூன்று பாதை, பாதைகளுக்கிடையில் காடு, குறுக்கே ஓர் ஆறு, ஆற்றோரக் குழியில் ஒரு பூதம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய கோபுரம். யாருடைய கோபுரம் முதலில் இடிகிறதோ அவர்கள் தோற்றார்கள். ஐந்து பேரில் ஒருவன் கேரி. வெட்டுவது, கொல்வது, கைதட்டு வாங்குவது எல்லாம் அவன். இன்னொரு ஆள் சப்போர்ட். கேரிக்கு அடிபட்டால் மருந்து போடுவது, இருட்டில் ஒளிந்திருக்கிறவனைக் காட்டிக்கொடுப்பது, கேரிக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொண்டு சாவது அந்த ஆளுடைய பாடு.

ஜொய்சி எடுக்கிற பாத்திரத்தைப் பொடியன்கள் லாம்புக்காரி என்பார்கள். கையில் ஒரு விளக்கு, இடுப்பில் ஒரு கயிறு. விளக்கு வெளிச்சம் தன் ஆட்களுக்குப் பட்டால் காயம் ஆறும். எதிரி மேல் பட்டால் கொஞ்சம் சுடும், மறைந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கயிற்றால் ஒருவனை ஒரு கணம் கட்டி வைக்கலாம். அவ்வளவுதான். தப்பித்தவறி அவள் கையால் ஓர் எதிரி செத்துவிட்டால் றினாஸுக்குப் பொல்லாத கோபம் வரும். கில்லைக் கொள்ளையடித்துவிட்டாய் என்று ஹெட்செட்டுக்குள் கத்துவான். காலப்போக்கில் அவள் கொல்வதையே விட்டுவிட்டாள். சாகக் கிடக்கிற எதிரியைக் கயிற்றால் கட்டி, றினாஸ் வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டு நிற்பாள்.

றினாஸின் வாப்பாவுக்குத் தெஹியோவிட்டை பசாரில் போன் கடை. சும்மா சொல்லக்கூடாது, றினாஸுக்கு அபாரமான கை. மூன்று பேருக்கு நடுவில் மாட்டினாலும் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு வருவான். ஆனால் மூலையில் இருக்கிற மேப்பை ஒரு நாளும் பார்க்க மாட்டான். பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு வந்ததே இல்லை. பார்த்துச் சொல்ல ஜொய்சி இருந்தாள். பின்னால் வருகிறான் நானா, இப்போது போங்க நானா, போதும் திரும்புங்க நானா என்று இரண்டு வருஷம் அவனுடைய காதுக்குள் இருந்தவள் அவள். பிள்ளைக் காம்பராவில் ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகள் எட்டுத் திசையில் தவழ்வதைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு றினாஸைப் பார்ப்பது பெரிய காரியமா?

இன்னொன்று. அவசரத்தில் இடது, வலது என்று சொன்னால் றினாஸுக்குத் தலை சுற்றிவிடும். அதனால் மேப்பில் இருந்த இடங்களுக்கெல்லாம் ஜொய்சி தன் தோட்டத்துப் பெயர்களை வைத்தாள். பூதம் இருக்கிற குழி பால் ஸ்டோர். நடுப்பாதை கூடுகிற வெளி, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம். எதிரியின் கோபுரத்துக்குப் போகிற வழி பங்களா ரோடு. சொந்தக் கோபுரத்தடி லயத்தடி. ஆற்றுக்கு இப்பால், திரும்பி வருகிற வழியில் ஒதுங்கினாற்போல ஒரு புதர் உண்டு. அது கோயில் மேடு. தோட்டத்து அந்தோனியார் கோயில் அப்படித்தான் ஒதுங்கி நிற்கும். அந்தப் புதருக்குள்தான் அவள் விளக்கோடு காத்திருப்பாள். சாகிற நிலையில் ஓடி வருகிற றினாஸ் அதற்குள் புகுந்து, காயம் ஆறி, மறுபடி சண்டைக்குப் போவான். தோட்டத்துக்கு ஒரு தடவைகூட ஏறி வராதவன், அந்தப் பெயர்களைத் தன் வீட்டு அறைகள் மாதிரிச் சொல்லப் பழகியிருந்தான். டீமில் மற்ற மூன்று பேரும் பழகிக்கொண்டார்கள். வெளி டீம்களோடு விளையாடப் போனால் இந்தப் பெயர்களைத் தமிழில் சொல்லிக்கொள்வார்கள். எதிரே இருக்கிற சிங்களப் பொடியன்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது.

இனி எக்கவுண்ட் கதை. அவள் அதைத் தொடங்கியபோது கேம் ஒரு போன் நம்பர் கேட்டது. அன்றைக்கு அவளிடம் இருந்தது அப்பாவின் பெயரில் இருந்த பழைய சிம், அதுவும் அடிக்கடி செத்துப்போகும். என் நம்பரைப் போடு, பிறகு மாற்றலாம் என்றான் றினாஸ். போட்டாள். பிறகு மாற்றவில்லை. அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ஒருத்தனைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? போஸ்டரைப் பார்த்த அன்று உள்ளே போகப் பார்த்தாள், பாஸ்வேர்ட் பிழை என்று வந்தது. மூன்று தரம் அடித்துப் பார்த்தாள், மூன்று தரமும் அதே பதில்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பசாருக்கு இறங்கினாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். றினாஸ் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அவன் மெதுவாகப் பதில் சொல்லவில்லை, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னான்.

"லயத்துச் சிக்னல நம்பி கொழும்புக்குப் போகேலுமா? அப்ஹம்ட போன் புதுசு, வீட்டுல வைஃபையும் ஈக்கு. சப்போட் எண்டா ஆருக்கும் செய்யேலும் ஜொய்சி. லாம்பு புடிக்கிற வேல தானே."

யாரோ சிரித்தார்கள். எக்கவுண்ட் தன் நம்பரில் இருப்பதால் அது டீமுடையது என்றும் சொன்னான். இரத்தினபுரியில் மாகாண இறுதிப் போட்டி, அதில் ஜெயிக்கிற டீம் கொழும்புக்குப் போகும், அந்த நேரத்தில் பெயர் பெற்ற ஒரு எக்கவுண்டைச் சும்மா விட முடியுமா என்று அவளிடமே நியாயம் கேட்டான். அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "சரிங்க நானா," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

அவன் திருடியதுகூட அவளுக்கு இரண்டாம் பட்சம்தான். அந்த 'சரிங்க நானா' தான் அவளை அன்றிரவு தூங்கவிடவில்லை. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விடியப்போகிற நேரம் வேலைக்குக் கிளம்பிய ரோசலின், மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விசும்புவதைக் கேட்டுவிட்டு என்னவென்று விசாரித்தாள். முழுக்கதையையும் கேட்டும் அவளுக்குக் கேம் விளங்கவில்லை. பெயரை எடுத்துக்கொண்டான், ஆள் முன்னால் கேவலப்படுத்தினான் என்கிற இரண்டும் நன்றாக விளங்கின. வாளியைக் கையில் எடுத்தவள் வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"அழுது என்னா ஆகப் போவுது? அவன அழ வையி."

அவ்வளவுதான். ஜொய்சி எழுந்து முகம் கழுவினாள். அவளுக்கு இனி வேண்டியது ஒன்றே ஒன்று. இரத்தினபுரி மேடையில், அத்தனை பேர் பார்க்க, றினாஸ் அவள் கையால் தோற்க வேண்டும். கொழும்பு பஸ்ஸில் அவன் ஏறக் கூடாது.

ரம்புக்கனையில் ஒரு டீம் இருந்தது. நிபுன என்கிற சிங்களப் பொடியன்தான் அதற்குத் தலைவன், கேரியும் அவன்தான். போன வருஷம் ஒன்லைனில் றினாஸின் டீமிடம் இரண்டு தரம் மண்ணைக் கவ்வியவர்கள். அவர்களுக்குச் சப்போர்ட் ஆடியவன் வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டதாகவும் ஆள் தேடுவதாகவும் போட்டிருந்தார்கள். ஜொய்சி சிங்களத்தில் ஒரே வரி அனுப்பினாள்: கருக்கல் நான்தான். நிபுன நம்பவில்லை. ஒரு பெட்டைப்பிள்ளை விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தான். ஒரு மேட்ச் விளையாடிப் பாருங்கள் என்றாள். புது எக்கவுண்ட் ஒன்றைத் திறந்து, அதற்கு 'லாம்பு' என்று பெயர் வைத்து வந்தாள். அந்த ஒரு மேட்ச் முடிந்ததும் நிபுன பழைய மேட்ச் இரண்டையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு, போன வருஷம் நாங்கள் றினாஸிடம் சாகவில்லை நங்கி, உன்னிடம்தான் செத்திருக்கிறோம் என்றான். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம், அம்மாமார் வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போன கையோடு, பிள்ளைக் காம்பரா விறாந்தையில் உட்கார்ந்துவிடுவாள். தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காக எடுக்கிற ஒரே இடம் அதுதான். தன் பெயரில் சொந்தமாக ஒரு சிம்மும் எடுத்துக்கொண்டாள். றினாஸ் எப்போது பாய்வான், எப்போது பதுங்குவான், எந்த அடிக்குப் பிறகு மூச்சு வாங்க நிற்பான் என்று நிபுனவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லச் சொல்லக் கறுவிக்கொண்டே இருந்தாள். ஒருவனை இரண்டு வருஷம் காப்பாற்றியவளுக்குத்தான் அவனை எங்கே குத்தினால் நோகும் என்று தெரியும்.

இறுதிப் போட்டி இரத்தினபுரியில், தகரக் கூரை போட்ட ஒரு கலியாண மண்டபத்தில். றினாஸின் ஆட்கள் வேன் பிடித்து, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஜொய்சி அவிசாவளையில் பஸ் மாறி நின்றுகொண்டு வந்தாள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் உட்காருகிற மேடையிலேயே எதிரும் புதிருமாக இரண்டு நீள மேசை போட்டிருந்தார்கள். பின்னால் பெரிய திரை. அறிவிப்பாளருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. 'கருக்கல்', 'லாம்பு' இரண்டையும் கண்டு திகைத்துப் போய், தமிழ் எழுத்து ஒன்று, தமிழ் எழுத்து இரண்டு என்று கூப்பிட்டுச் சமாளித்தார். சனம் சிரித்தது. ஜொய்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்றாம் எழுத்து அவளுடையது.

எதிர் மேசையில் அவளைக் கண்டதும் றினாஸ் புருவத்தை உயர்த்தினான். அப்ஹம் தலையைக் குனிந்துகொண்டான். றினாஸ் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்ல அவர்கள் சிரித்தார்கள். பயமெல்லாம் இல்லை, லாம்பு பிடிக்கிறவள்தானே.

மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் போதும். முதல் ஆட்டத்தில் றினாஸ் அவர்களை நாறடித்துவிட்டான். நிபுனவுக்கு மேடைப் பயம், கை வியர்த்து விரல் வழுக்கியது. ஜொய்சி என்ன வெளிச்சம் அடித்தும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. கோபுரம் இடிந்தபோது றினாஸ் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தான், சனம் கத்தியது. இன்னும் ஒன்று தோற்றால் கதை முடிந்தது. ஜொய்சி போன் திரையைச் சட்டை நுனியில் துடைத்தாள். இதற்காகவா இவ்வளவு தூரம் நின்றுகொண்டு வந்தோம் என்று நினைத்தாள்.

ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில், கூச்சல் ஒரு கணம் அடங்கியபோது, ஒன்று அவளுடைய காதில் விழுந்திருந்தது. எதிர் மேசையில் யாரோ பக்கத்து ஆளிடம் அடிக்குரலில் சொன்னான்: "ஸ்டோருக்கு வா."

ஸ்டோர் என்றால் பால் ஸ்டோர், அவள் தோட்டத்துப் பால் ஸ்டோர். அவளைத் தூக்கி எறிந்தவர்கள், அவளுடைய எக்கவுண்டை எடுத்தவர்கள், அவள் வைத்த பெயர்களை மட்டும் விடவில்லை. விட வேண்டுமென்று தோன்றவும் இல்லை. அது அவள் வைத்த பெயர் என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. எதிரே இருப்பது சிங்கள டீம், நாம் தமிழில் பேசினால் போதும் என்று வழக்கம் போலவே இருந்துவிட்டார்கள். அடப்பாவிகளா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது மழை பிடித்தது. இரத்தினபுரி மழை என்றால் சும்மாவா? தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி இரைந்தது. அடிக்குரலில் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. றினாஸ் கத்த ஆரம்பித்தான். மற்ற நால்வரும் கத்தினார்கள். பெரட்டுக்களம், பங்களா ரோடு, ஸ்டோர், லயத்தடி என்று ஜொய்சியின் தோட்டமே அந்த மேடையில் இரைந்தது. அவள் ஒரு காதில் இருந்த ஹெட்செட்டைத் தள்ளிவிட்டு, தோட்டத்துப் பெயர்களைக் கேட்கக் கேட்க நிபுனவின் காதோரம் குனிந்து சிங்களத்தில் சொன்னாள். மூன்று பேர் குழிக்கு வருகிறார்கள். நடுவில் ஆள் இல்லை, இடி. இப்போது பின்னால் போ. றினாஸ் எங்கே போனாலும் அங்கே அவனுக்கு முன்னாலேயே நான்கு பேர் நின்றார்கள். பாதி ஆட்டத்திலேயே கோபுரம் சரிந்தது.

றினாஸுக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. முகம் கறுத்துப் போய் நடுவர் தாஸிம் சேரிடம் ஓடினான். அவள் எங்கள் பேச்சைக் கேட்டு விளையாடுகிறாள், இது கள்ள வேலை என்று முறையிட்டான். தாஸிம் சேர் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் ஏன் கத்தினீர்கள் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்.

"காதப் பொத்திக்கிட்டு வெளயாடுங்க எண்டு ரூல்ஸ்ல எங்கயும் இல்ல தம்பி. போய் உக்காருங்க."

மூன்றாவது ஆட்டம். பெயர் எதையும் சொல்லக் கூடாது என்று றினாஸ் கட்டளை போட்டுவிட்டான். வேறு என்ன சொல்வது? அவர்களிடம் வேறு பெயரே இல்லை. அங்கே, இங்கே, அந்தப் பக்கம், அந்த அது என்று தடுமாறினார்கள். இடது என்றால் எவனுடைய இடது என்று சண்டை வந்தது. எந்தப் பக்கம் என்று கேட்க அப்ஹம் தலையை நிமிர்த்திய நேரத்தில் செத்துப்போனான். 'கருக்கல் வீழ்ந்தது' என்று திரையில் வந்தபோது ஜொய்சிக்கு எங்கோ சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பெயர் அவளுடையதுதான், ஆனால் சாக வேண்டிய பக்கத்தில் நின்றது.

இருந்தும் றினாஸ் லேசில் விழுகிறவனா? ஊமையாகிப் போன டீமைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய கைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆட்டம் நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் கோபுரத்தில் விரிசல். இனி ஒரு பெரிய சண்டை, அதில் தப்புகிறவன் ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சண்டை ஆற்றில் மூண்டது. றினாஸ் பாய்ந்தான். ஜொய்சி அவனுடைய பாய்ச்சலைப் பார்த்தாள். இந்தப் பாய்ச்சலை எத்தனை நூறு தரம் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்! இரண்டு பேரைச் சாய்ப்பான், மூன்றாவதாக நிபுனவையும் சாய்ப்பான், கடைசியில் ஒரு பொட்டு உயிரோடு வெளியே வருவான். வந்ததும் ஓடுவான். எங்கே ஓடுவான்?

அவளுடைய வேலை நிபுனவுக்குப் பின்னால் நின்று வெளிச்சம் அடிப்பது. விளையாடத் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஒரு கேரியையும் சண்டையில் விட்டுப் போனதில்லை. சப்போர்ட்டுக்கு அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. "நங்கி, லைட்!" என்று நிபுன கத்தினான். அவள் லாம்புக்காரியைத் திருப்பினாள். சண்டையை விட்டு வெளியே, ஆற்றைக் கடந்து, எதிரியின் பக்கம் நடந்தாள். விளக்கை அணைத்துக்கொண்டு கோயில் மேட்டுப் புதருக்குள் போய் நின்றாள்.

அறிவிப்பாளர், தமிழ் எழுத்து இரண்டு பயந்து ஓடுகிறது என்றார். சனம் ஊளையிட்டது. நிபுனவின் உயிர் கரைந்துகொண்டிருந்தது, அவன் அவளைச் சிங்களத்தில் கெட்ட வார்த்தையால் திட்டினான். றினாஸ் நேர் வழியில் தன் லயத்தடிக்கு ஓடிவிட்டால் எல்லாம் போச்சு. அந்த வழிதான் கிட்ட. மேப்பைப் பார்க்கிற எவனும் அந்த வழியில்தான் ஓடுவான். தோற்றுப்போனால், கூட்டாளியைச் சாகவிட்டு ஓடினவள் என்று அவளுடைய பெயர் இந்த மாகாணம் முழுக்க நாறும். பழி வாங்க வந்தவள் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டவளாவாள். அந்தோனியாரே, அவன் மேப்பைப் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஆற்றில் ஒருவன் செத்தான், இன்னொருவன் செத்தான், நிபுன செத்தான். அந்தப் பக்கமும் மூன்று பேர் போய்விட்டார்கள், அவர்களில் அப்ஹமும் ஒருவன். றினாஸ் வெளியே வந்தான். ஒரு பொட்டு உயிர்தான் மிச்சம். நேர் வழியில் ஓரடி வைத்தான்.

பிறகு அவனுடைய பெருவிரல் தானாகத் திரும்பியது. அவன் யோசித்துத் திரும்பவில்லை. யோசித்திருந்தால் திரும்பியிருக்க மாட்டான். இரண்டு வருஷமாக அடிபட்டால் ஓடி ஒளிந்த இடம் அது. காயம் ஆறும், யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விரலுக்குப் பழகிப்போயிருந்தது. றினாஸ் நேராக ஓடி வந்து கோயில் மேட்டுப் புதருக்குள் நுழைந்தான்.

ஜொய்சி விளக்கை ஏற்றினாள்.

எதிர் மேசையில் றினாஸின் முகம் வெளிறுவதை அவள் போனுக்கு மேலால் பார்த்தாள். கயிற்றை வீசிக் கட்டினாள். பழைய வழக்கம் அவளுடைய விரலையும் ஒரு கணம் பிடித்து இழுத்தது. கட்டிப் பிடி, கேரி வரட்டும், கில்லை எடுக்காதே என்றது. சீ, போ என்று அந்த வழக்கத்தை உதறிவிட்டு, வெளிச்சத்தை அவன் மேல் முழுக்கக் கொட்டினாள். றினாஸ் அந்த இடத்திலேயே விழுந்தான். அன்றைய மூன்று ஆட்டத்திலும் அவள் எடுத்த ஒரே கில் அதுதான்.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டம் நீண்டுவிட்டால் செத்தவன் எழும்ப நேரம் எடுக்கும். சாம்பல் நிறமாகிப் போன திரையை றினாஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவளும் மிச்சமிருந்த ஒரு ரம்புக்கனைப் பொடியனும் பங்களா ரோட்டில் நடந்தே போனார்கள். மறிக்க வந்த ஒருவனை அந்தப் பொடியன் வெட்டினான். இரண்டு பேருமாகக் கோபுரத்தை இடித்தார்கள். மண்டபமே எழுந்து நின்றது. நிபுன நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, கேட்ட வேகத்திலேயே மறுபடி சந்தோஷத்தில் திட்டினான். கொழும்புக்குப் போவது ரம்புக்கனை என்று அறிவித்தார்கள்.

ஜொய்சி தன் போனை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனாள். இனிப் பெருந்தன்மையாக நாலு வார்த்தை சொல்லி, எக்கவுண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவாள் என நினைக்கிறவர்களுக்கு ஜொய்சியைத் தெரியாது. ரோசலினின் மகள் அவள். மேசையின் முன்னால் போய் நின்று, எக்கவுண்டை என் நம்பருக்கு இப்பவே மாத்துங்க என்றாள். தாஸிம் சேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அப்ஹம் தன் போனை நீட்டினான், மன்னித்துக்கொள் தங்கச்சி என்று முணுமுணுத்தான். றினாஸின் போனுக்கு நம்பர் மாற்றுவதற்கான குறியீடு வந்தது. அவன் அதை ஒரு தரம் பிழையாக அடித்தான், மறுபடி வரவழைத்து அடித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய போனில் 'கருக்கல்' என்று வந்தது.

அவள் திரும்பிப் போகப் பார்த்தபோது றினாஸ் கூப்பிட்டான். கண் கலங்கியிருந்தது. சனம் இன்னும் கலையவில்லை, மழை விட்டிருந்ததால் மெதுவாகப் பேசினாலும் எல்லோருக்கும் கேட்டது.

"நான் அங்க தான் வருவன் எண்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

காலையிலிருந்து அவனை எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிடாதவள் நின்று, திரும்பி, கடையில் பேசிய அதே பணிவான குரலில் பதில் சொன்னாள்.

"வேற எங்க நானா போவீங்க?"